சர்வர் சொல்லாத பண்டம்

சித்தப்பா போனில் சொன்னது ஒரே வரி. “டேய், கம்ப்யூட்டர்ல ஸ்லீப்பைக் காணோம்டா.”

கும்பகோணத்தில் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு அவர் கைக்கு வந்துவிட்டது. காலையில் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார். சாப்பிடக் கூப்பிட்டால் எதையும் மூடமாட்டார். ஸ்டார்ட் மெனுவில் ‘ஸ்லீப்’பை அமுக்கிவிட்டு எழுந்து போவார். கை கழுவிவிட்டு வந்து ஒரு விசையைத் தட்டினால் விட்ட வரியிலேயே கர்சர் சிமிட்டிக்கொண்டு நிற்கும். பல வருடப் பழக்கம். கணினி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டு வாங்கி வந்த மறுநாள், அதே மெனுவில் ‘ஷட் டவுன்’, ‘ரீஸ்டார்ட்’ என்று இரண்டு மட்டும் இருந்தன.

“புதுசு போடறப்ப அதை மட்டும் போடாம விட்டுட்டாங்க போல. எழுத்துகூடக் கொஞ்சம் பருமனாத்தான் தெரியுது” என்றார்.

எழுத்து பருமனாகத் தெரிந்ததை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு வரியைப் போட மறந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. மெனு என்றதும் நமக்குத் தோன்றுவது சுவரில் ஆணியடித்து மாட்டிய விலைப்பட்டியல். எழுதியவர் ஒரு வரியை விட்டால் அந்த வரி இருக்காது. ஆனால் கணினிக்குள் அப்படிப்பட்ட பலகை அநேகமாகக் கிடையாது. அங்கே இருப்பது சர்வர். கணினிக்காரர்கள் சொல்லும் சர்வர் இல்லை. நாகேஷ் வழி வந்த சர்வர். மேசையைத் துடைத்து, டம்ளரில் தண்ணீர் வைத்து, “என்ன இருக்கு?” என்று கேட்டவுடன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாரே, அவர். இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா... நீங்கள் கேட்ட நிமிடத்தில் சமையல்கட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்து அந்தப் பட்டியல் அவர் வாயில் அப்போதுதான் உருவாகிறது. பத்து மணிக்குப் பொங்கல் தீர்ந்துபோனால், பத்தே காலுக்கு வந்து உட்கார்ந்தவர் காதில் பொங்கல் என்ற சொல்லே விழாது. அப்படி ஒரு பண்டம் அந்தக் கடையில் உண்டு என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

விண்டோஸில் ஒரு மெனுவின் தலைப்பைச் சொடுக்கியதும், அது விரிவதற்கு முன்னால், ‘மெனு திறக்கப் போகிறது’ என்று அந்த நிரலுக்கு ஒரு செய்தி போகிறது. நிரல் அவசர அவசரமாகச் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிறது. எதையாவது தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் ‘காப்பி’யை மங்கலாக்கு. ஒட்டுவதற்கு ஏதாவது நகலெடுத்து வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் ‘பேஸ்ட்’டையும் மங்கலாக்கு. இவ்வளவும் உங்கள் விரல் சுட்டியிலிருந்து எழும்புவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு கோப்பின் மேல் வலது சொடுக்குப் போடும்போது கூட்டம் இன்னும் அதிகம். கோப்புகளைச் சுருக்கும் நிரல், வைரஸ் தேடும் நிரல், இணையத்தில் சேமித்து வைக்கும் நிரல் என்று கணினியில் நீங்கள் நிறுவியவற்றில் பலவும், ‘மெனுவில் எனக்கும் ஒரு வரி வேண்டும்’ என்று பேர் கொடுத்து வைத்திருக்கும். சொடுக்கிய கணத்தில் விண்டோஸ் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இந்தக் கோப்புக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்கிறது. அவரவர் தங்கள் வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். சில கணினிகள் வலது சொடுக்குக்கு இரண்டு விநாடி திகைத்து நிற்பதும் இதனால்தான். வரிசையில் யாரோ ஒருவர் பதில் சொல்லத் தாமதிக்கிறார். கோப்பின் மேல் இல்லாமல் வெற்றிடத்தில் வலது சொடுக்கினால் ‘நியூ’ என்று ஒரு கிளை விரியுமே, புது ஃபோல்டர், புது எழுத்துக்கோப்பு என்று, அதுவும் இப்படிப் பேர் கொடுத்தவர்களின் பட்டியல்தான். எந்தக் கோப்பு வகை தன் பெயரின் கீழ் ‘என்னைப் புதிதாகப் பிறப்பிக்கலாம்’ என்று குறித்து வைத்திருக்கிறதோ அது வரும். குறிப்பு அழிந்தால் வரி போய்விடும். குறிப்பைத் திரும்ப எழுதினால் வந்துவிடும்.

அந்தக் குறிப்புகள் எல்லாம் இருக்கும் பெரிய பேரேட்டுக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். விண்டோஸ் 95 காலத்திலிருந்து கணினியின் பெரும்பாலான ‘இப்படி இரு, அப்படி இருக்காதே’களும் அதில்தான் பதிவாகின்றன. அதைத் தாங்கும் கோப்புகளைத் தேன்கூடு என்ற பொருளில் ‘ஹைவ்’ என்பார்கள். ஏன் தேன்கூடு? விண்டோஸ் என்டியை எழுதியவர்களில் ஒருவருக்குத் தேனீ என்றால் ஆகாதாம். ரெஜிஸ்ட்ரியை எழுதியவர் அவரைச் சீண்டுவதற்காகவே கூடு, அறை என்று தேனீச் சொற்களாகப் போட்டாராம். மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் ரேமண்ட் சென் இதை எழுதியிருக்கிறார். உலகத்தின் பாதி மேசைகளில் இருக்கும் பொருளுக்கு இப்படித்தான் பெயர் விழுகிறது.

இல்லாத பண்டத்தை எப்படிச் சொல்வது என்பதில் சர்வர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஒருவர் சொல்லாமல் தாண்டிவிடுவார். இன்னொருவர், “பூரி இருக்கு, ஆனா மசால் இல்ல” என்பார். கணினியில் இரண்டாவது கட்சியின் வழிதான் மங்கலான எழுத்து. 1983-ல் வந்த ஆப்பிள் லிசாவிலேயே, திரையின் மேற்புறத்திலிருந்து இறங்கும் மெனுவும் அதில் அப்போது செல்லாத வரி மங்கித் தெரிவதும் உண்டு. வரி அதே இடத்தில் இருக்கும், அமுக்க முடியாது. ‘இது இங்கே உண்டு, இப்போது இல்லை’ என்று பொருள். முதல் கட்சி அடியோடு மறைத்துவிடும். மறைத்தல் உச்சத்துக்குப் போனது ஆஃபீஸ் 2000-ல். நீங்கள் அடிக்கடி எடுக்காத வரிகளை மெனு தானாகவே ஒளித்துக்கொண்டு, கீழே இரட்டை அம்புக்குறி ஒன்றை மட்டும் காட்டும். நேற்று இருந்தது இன்று இல்லை, நாளை வேறு இடத்தில் இருக்கும். அலுவலகங்களில் எத்தனை பேர் அந்த அம்புக்குறியைக் கவனிக்காமல் ‘வேர்டு கெட்டுப்போச்சு’ என்றிருப்பார்கள்! ஆஃபீஸ் 2007-ல் மெனுவையே தூக்கிவிட்டு ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்தபோது அந்தக் கண்ணாமூச்சியும் போனது. மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2008-ல் இரண்டு கட்சியும் வேண்டாம் என்றார்: மறைக்காதே, மங்கலாக்காதே, வரியை அப்படியே விடு, அமுக்கினால் ஏன் முடியாது என்று சொல். என் வோட்டு அவருக்குத்தான்.

ஸ்டார்ட் மெனுவுக்குள் இருக்கும் விண்டோஸின் பவர் மெனு முதல் கட்சி. முடியாததைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆகவே சித்தப்பாவின் மெனுவில் ‘ஸ்லீப்’ இல்லை என்றால், அதை யாரும் போட மறக்கவில்லை. சமையல்கட்டில் யாரோ ‘முடியாது’ என்றிருக்கிறார்கள். யார் என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நல்லவேளையாக, மெனு சொல்லாததைச் சொல்ல வேறொரு வழி உண்டு. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டும் ஜன்னலைத் திறந்து, பவர்-சி-எஃப்-ஜி என்ற கட்டளையை எழுதி, பக்கத்தில் ஒரு சாய்கோடும் ‘ஏ’ எழுத்தும் போட்டால், இந்தக் கணினிக்கு எந்தெந்த உறக்கம் உண்டு, எது கிடையாது, ஏன் கிடையாது என்று காரணத்தோடு பட்டியல் வரும். மொத்த விண்டோஸிலும் இவ்வளவு நேர்மையான பதில் கிடைக்கும் இடங்கள் குறைவு. சித்தப்பாவை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச் சொல்லி, வந்ததைப் படிக்கச் சொன்னேன். உள்ளுறுப்பு ஒன்று இந்த உறக்கத்தை முடக்கி வைத்திருக்கிறது என்றும், அதன் கீழே ‘கிராஃபிக்ஸ்’ என்றும் இருந்ததாம்.

“கிராஃபிக்ஸ்னா படம் காட்டறதுதானே? அதுக்கும் தூங்கறதுக்கும் என்னடா சம்பந்தம்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கணினி எப்படித் தூங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கணினி வேலை செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் எல்லாம் ரேமில் இருக்கிறது. சித்தப்பாவின் எக்செல், அதில் இன்னும் சேமிக்காத மூன்று வரி, கர்சர் நிற்கும் இடம், எல்லாம். ரேமின் ஒவ்வொரு அறையும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. 1968-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்குக் காப்புரிமை கிடைத்த வடிவம் அது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. எளிமைதான், ஆனால் ஓட்டைக் குடம். ஊற்றிய மின்னூட்டம் தானாகக் கசிந்துவிடும். அதனால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது ஒரு விநாடியில் பதினைந்து தடவைக்கு மேல், ஒவ்வொரு அறையையும் படித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும் அமைதியான நேரத்திலும் கோடிக்கணக்கான குடங்களில் இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலை நடக்கிறது.

மின்சாரம் நின்றால் எல்லாம் உடனே போய்விடும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அதுவும் முழு உண்மை இல்லை. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், தூசி ஊதும் காற்றுப் புட்டியைக் கவிழ்த்துப் பீய்ச்சி ரேமைச் சுமார் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். மின்சாரத்தை நிறுத்திப் பல நிமிடம் கழித்தும் அதிலிருந்த குறியாக்கச் சாவிகளை அவர்களால் எடுக்க முடிந்தது. குளிரில் கசிவு குறைகிறது, அவ்வளவுதான். கும்பகோணத்து மே மாதத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

‘ஸ்லீப்’ என்றால், இந்தக் குடங்களுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்துவிட்டு, மற்ற எல்லாருக்கும் லீவு கொடுப்பது. செயலி நிற்கும், விசிறி நிற்கும், வட்டு நிற்கும், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டும் நிற்கும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏ-சி-பி-ஐ என்ற விதிமுறையில் இதற்கு எஸ்-3 என்று பெயர். அதன்படி, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேர் தனக்கு எந்தெந்த உறக்கம் தெரியும் என்று ஓர் அட்டவணையில் எழுதி விண்டோஸிடம் கொடுத்துவிட வேண்டும். எஸ்-3 அதில் இல்லையென்றால் இந்த வகை உறக்கத்தின் கதை அங்கேயே முடிந்தது. எழுப்புவதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தூங்கப் போகுமுன் விண்டோஸ் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு நினைவக முகவரியைக் குறித்து வைக்கும். ‘யாராவது விசையைத் தட்டினால், கணினியை முதலிலிருந்து தொடங்காதே, நேரே இந்த முகவரிக்கு வா.’ ஃபர்ம்வேர் அப்படியே செய்கிறது. வழக்கமான காலைச் சடங்குகள் பலவற்றைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் ஓரிரு விநாடியில் விழிக்கிறது.

சிக்கல் அந்தக் குறுக்கு வழியில்தான். மின்சாரம் இழந்த கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தான் யார், எந்த அளவுத் திரைக்கு என்ன வேகத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்ற நினைவே இருக்காது. முழுதாகத் தொடங்கும்போது ஃபர்ம்வேர் அதைத் தட்டியெழுப்பி ஆரம்பப் பாடம் சொல்லிக் கொடுக்கும். எஸ்-3 உறக்கத்திலிருந்து எழும்போது அந்த வேலை கார்டை இயக்கும் நிரலான அதன் சொந்த டிரைவர் தலையில் விழுகிறது. அந்தந்தக் கார்டைச் செய்த நிறுவனம் எழுதிய டிரைவருக்கு மட்டுமே அதன் நெளிவு சுளிவு தெரியும்.

சொந்த டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் எல்லாருக்கும் பொதுவான ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்கிறது. எந்தக் கார்டாக இருந்தாலும் ஓரளவு படம் காட்ட அதனால் முடியும். எப்படி என்றால், ஃபர்ம்வேர் ஏற்கெனவே எழுப்பிவைத்த கார்டில், அது விரித்துக் கொடுத்த படத்தளத்தில், புள்ளி புள்ளியாக எழுதும். அதற்குமேல் எதையும் தொடாது. இந்தப் பொதுவழியின் பரம்பரை ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்த விஜிஏ வரை போகிறது. பதிலி ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுவார். கடையைப் பூட்டச் சொன்னால் மட்டும், ‘மறுபடி திறக்க எனக்குத் தெரியாதே’ என்பார். தூங்க விட்டால் எழுந்ததும் திரை இருட்டாகவே இருக்கும் என்று விண்டோஸுக்குத் தெரியும். ஆகவே தூக்கத்தையே ரத்து செய்கிறது. தூக்கம் ரத்தானால் மெனுவில் வரியும் இல்லை.

எழுத்து பருமனாகத் தெரிந்ததும் இதே பதிலியால்தான். திரையின் உண்மையான அளவு அதற்குத் தெரியாது. தனக்குக் கிடைத்த சின்னத் தளத்தை இழுத்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ என்ற வரியின் கீழ் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தது. பொதுவாக இணையம் இருந்தால் விண்டோஸே சரியான டிரைவரைத் தேடிப் போட்டுக்கொள்ளும். இவருடைய கார்டு வயதானது, கிடைக்கவில்லை போலிருக்கிறது. கார்டு செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டு, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ததும் எழுத்து மெலிந்தது. ஸ்டார்ட் மெனுவைத் திறந்தார். “வந்துருச்சுடா” என்றார், பஸ் வந்துவிட்டதைச் சொல்வதுபோல.

இந்த ‘முடியாது’ உண்மையான ‘முடியாது’. சமையல்கட்டில் நிஜமாகவே மாவு இல்லை. வேறு வகையும் உண்டு. மாவு, சட்டி, ஆள் எல்லாம் இருக்க, ‘இல்லைன்னு சொல்லு’ என்று ஒருவர் சர்வர் காதில் ஓதிவிட்டுப் போவது. 2006, 2007 வாக்கில் பிரவுசிங் சென்டருக்குப் பென்டிரைவ் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் ‘டூல்ஸ்’ மெனுவுக்குள் ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு வரி. ஒருநாள் அது இருக்காது. மங்கலாகக்கூட இருக்காது, வரியே இல்லாமல் மற்ற வரிகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். 2005-ல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய புரொன்டோக் என்ற புழு செய்த கைங்கரியங்களில் இது ஒன்று. அந்தப் புழு ஒரு நிரல். ஆனால் தனக்கு மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டிருக்கும். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து வால் தெரிந்தால் அது ஃபோல்டர் இல்லை, நிரல் என்று கண்டுகொள்ளலாம். விண்டோஸோ அந்த வாலை இயல்பாகவே மறைத்து வைக்கும். வாலைக் காட்டச் சொல்லும் இடம், ஒளிந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லும் இடம், இரண்டுமே ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்தான். திருடன் முதலில் அணைத்தது தெருவிளக்கை.

அணைப்பதற்கு அது விண்டோஸை உடைக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ‘நோ ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ என்ற பெயரில் ஒரு குறிப்பு எழுதி, மதிப்பு ஒன்று என்று போட்டது. அந்தக் குறிப்பைத் திருடர்களுக்காக யாரும் உண்டாக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் பிள்ளைகளோ ஊழியர்களோ அமைப்புகளைக் கலைத்துவிடாமல் இருக்க, நிர்வாகி சில வரிகளை மறைத்துக்கொள்ளட்டும் என்று மைக்ரோசாஃப்டே வைத்த வசதி. மெனுவைக் கட்டும்போது விண்டோஸ் இந்தக் குறிப்பையும் ஒரு தடவை பார்க்கும். ஒன்று என்றிருந்தால் வரியைத் தாண்டிவிடும். எழுதியது நிர்வாகியா புழுவா என்று அதற்குத் தெரியாது.

சரி, குறிப்பை அழித்துவிட்டால் போயிற்று. ஆனால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவியையும் அதே மாதிரி இன்னொரு குறிப்பால் புழு பூட்டி வைத்திருக்கும். பூட்டின் சாவி பூட்டிய பெட்டிக்குள். கொள்கைகளைத் திருத்தும் ஜன்னல் ஒன்று எக்ஸ்பியின் புரொஃபஷனல் பதிப்பில் உண்டு, அதன் வழியாக உள்ளே போகலாம். வீடுகளில் இருந்த ஹோம் பதிப்பில் அது கிடையாது. அதனால் தெரிந்த பையன்கள் அந்தக் குறிப்புகளை மட்டும் அழிக்கும் சின்னக் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பென்டிரைவிலேயே புழுவும் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். முதலில் புழுவைக் கொல்லாமல் வரியை மட்டும் மீட்டவர்களுக்கு அது மறுபடியும் காணாமல் போனது.

அலுவலகக் கணினியில் ஒரு வரி இல்லையென்றால் இதையெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம். அங்கே முதலாளி சொல்லித்தான் சர்வர் சொல்லாமல் இருக்கிறார்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். ‘ஸ்லீப்’ வந்துவிட்டாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்லீப்பில் குடங்களுக்குத் தண்ணீர் ஊற்ற மின்சாரம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊருக்கே மின்தடை அறிவிக்கிறார்கள். யூபிஎஸ் கால் மணி நேரம் கீச்சிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலேயே மின்சாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது என்னைக் காப்பாற்றியது ‘ஹைபர்னேட்’. ஏ-சி-பி-ஐ கணக்கில் எஸ்-4. ரேமில் இருப்பதையெல்லாம் வட்டில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு முற்றாக அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிப் பரணில் போட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அதே வரியில் அதே கர்சர்.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது. கணினி தன்னைத் தானே படமெடுக்கிறது. படமெடுக்கும் நிரலும் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. திரும்பி வரும்போது, நிறுத்திய கட்டளைக்கு அடுத்த கட்டளையிலிருந்து ஓடத் தொடங்கும். இடையில் ஒரு மாதம் போனது அதற்குத் தெரியாது. மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கிறதே, அதில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் ‘அடடா, இவ்வளவு நேரமா?’ என்று நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

இவ்வளவு நல்ல பண்டம் திரும்பத் திரும்ப ஒளித்து வைக்கப்படுவதுதான் வேடிக்கை. எக்ஸ்பியின் அணைக்கும் பெட்டியில் ‘ஸ்டாண்ட் பை’ என்றுதான் தெரியும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அதே பொத்தான் கண் முன்னே ‘ஹைபர்னேட்’ ஆக மாறும். விஸ்டாவில் வட்டைச் சுத்தம் செய்யும் கருவியில், ‘ஹைபர்னேஷன் கோப்பை அகற்று’ என்றும் ஒரு கட்டம் இருந்தது; குப்பை என்று நினைத்து அதை டிக் அடித்தவர்கள் மெனுவில் ஹைபர்னேட்டைத் தொலைத்தார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அது பவர் மெனுவில் இயல்பாக இருப்பதில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கம், அங்கே ‘இப்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று’ என்று பொருள்படும் ஒரு நீல வரி. கிடைக்காததை எப்படி மாற்றுவது என்று திருவிளையாடல் தருமியைப்போலக் குழம்ப வேண்டாம். நிர்வாகி அனுமதி கேட்கிறது, அவ்வளவுதான். அதை அமுக்கிவிட்டுக் கீழே ஹைபர்னேட் கட்டத்தில் டிக் போட்டால் மெனுவில் வந்துவிடும். சித்தப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து மறுபடி போன். “டேய், இப்ப ஹைபர்னேட்டைக் காணோம். ஸ்லீப் இருக்கு. கம்ப்யூட்டர் காலையில எழுந்திருக்கவும் முன்னைவிட நேரமாகுது.”

இந்தத் தடவை இரண்டாவது வாக்கியத்தையும் காதில் வாங்கினேன்.

“லீவுக்கு யாராவது வந்தாங்களா, சித்தப்பா?”

பேரன் வந்திருந்தான். கேம் ஒன்றை நிறுவ இடம் போதவில்லை. சித்தப்பாவின் எஸ்எஸ்டி சிறியது. சி டிரைவில் ஒளிந்திருக்கும் பெரிய கோப்பு எது என்று தேடியிருக்கிறான். ஹைபர்னேஷன் கோப்பு அகப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10 வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதத்தை அதற்காக ஒதுக்கும். 8 ஜிபி ரேமுக்கு 3.2 ஜிபி. ஒரே கட்டளையில் அதை ஒழித்துவிட்டு கேமைப் போட்டுக்கொண்டான். கெட்டிக்காரப் பையன்தான். கோப்பை ஒழிக்காமல் பாதியாகக் குறைக்கவும் வழி உண்டு, ஆனால் அப்படிச் செய்தாலும் மெனுவில் ஹைபர்னேட் இருக்காது.

அப்படியானால் காலையில் ஏன் தாமதம்? அங்கேதான் விண்டோஸ் 8 முதல் நடந்துவரும் இன்னொரு தந்திரம் இருக்கிறது. ‘ஷட் டவுன்’ அமுக்கும்போது விண்டோஸ் உங்கள் நிரல்களை மூடி உங்களை வெளியேற்றும். ஆனால் தன் அடித்தளத்தை, கெர்னல் என்ற பகுதியை, மூடாது. அதை அதே ஹைபர்னேஷன் கோப்பில் எழுதிவைத்துவிட்டு அணையும். மறுநாள் அதைக் கோப்பிலிருந்து எடுத்து விரிப்பதால்தான் சீக்கிரம் எழுகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். கோப்பு போனதும் இதுவும் போயிற்று. பவர்-சி-எஃப்-ஜியைக் கேட்டோம்; ஹைபர்னேஷன் இயக்கப்படவில்லை, ஆகவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இல்லை என்று இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பித்தது. அதே கட்டளையில் ‘ஏ’வுக்குப் பதில் ‘ஹெச்’, அதன்பின் ‘ஆன்’. நிர்வாகி அனுமதியோடு ஓட்டியதும் கோப்பு பிறந்தது, வரி வந்தது, காலையும் வேகமானது. கேமுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவர் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலியின் பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற இடத்தைக் காட்டினேன். கடைசியாக முழுதாகத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லும் கணக்கு. இருபத்து மூன்று நாள் என்றது.

“தினமும் ராத்திரி ஷட் டவுன் போட்டுட்டுத்தானே படுக்கறேன்?”

அந்த கெர்னல் சமாசாரத்தை மறுபடி சொன்னேன். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும், அல்லது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் போட வேண்டும். பழைய எக்ஸ்பியின் ஷிஃப்ட் இன்னும் எங்கேயோ உயிரோடிருக்கிறது.

கேட்டுக்கொண்டார். இரவு கணக்கு முடித்ததும் ஷட் டவுன் கொடுத்தார். திரை இருண்டு, விசிறி நின்று, முன்பக்கத்து விளக்கும் அணைகிறவரை நின்று பார்த்தார். பிறகு குனிந்து சுவரிலிருந்த ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, “இப்ப?” என்றார்.